அண்ணன் முள்

வச்சிடாதே. ப்ளீஸ்டி, வச்சிடாதே. நல்லாத் தூங்கிட்டிருந்தவளை எழுப்பிட்டேன்னு தெரியும், நாளைக்கு ஆசை தீரத் திட்டிக்கோ. போர்வைக்குள்ள இருந்து பேசறேன், சத்தமாப் பேச முடியாது. ஹால்ல அம்மா படுத்திருக்கா. அவ எழுந்திருக்கறதுக்குள்ள யார்கிட்டயாவது சொல்லியே ஆகணும். 

எங்கம்மா கையில ஒரு வாட்ச் கட்டியிருப்பாளே. நீகூட "உங்கம்மா என்ன பிளேன் ஓட்டறாங்களா?"ன்னு கேட்டியே, அதேதான். பைலட் வாட்ச்சு. கறுப்பு முகம், கொட்டை கொட்டையா வெள்ளை நம்பர், மூடி மாதிரி பெரிசா. அம்மா கையோ குச்சி. பட்டையில அப்பா ஆணியைச் சுட வச்சுக் கூடுதலா ரெண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார், அப்பவும் லொடலொடன்னு ஆடும்.

அண்ணன் அனுப்பினது. அவன் வெளிநாட்டுல ஒரு ஏர்போர்ட்ல பிளேனுக்குள்ள ஏறி சீட்டெல்லாம் சுத்தம் பண்ற வேலையில இருக்கான்ல. கூட வேலை பாக்கற ஒருத்தர் லீவுல வந்தப்ப கொடுத்தனுப்பினான். அதுல எல்லா வாட்ச்லயும் இருக்கற முள்ளு போக, சிவப்பா இன்னொண்ணு இருக்கும். நுனியில அம்பு மாதிரி. நாளெல்லாம் சேத்து ஒரே ஒரு சுத்துதான் சுத்தும். விளிம்புல இருபத்திநாலு வரைக்கும் நம்பர். வேற ஊர்ல மணி என்னன்னு பாக்கறதுக்கு. அதை அவன் ஊர் நேரத்துக்கு வச்சே அனுப்பிட்டான். எங்க வீட்ல அதுக்குப் பேரே அண்ணன் முள்ளு.

அப்பா அன்னிக்கே சொன்னார். "அவன் நமக்கு நாலு மணி நேரம் முன்னாடி இருக்கான். இங்க மணியைப் பாரு, நாலைக் கூட்டு, முடிஞ்சு போச்சு. இதுக்குப் போய் இவ்ளோ பெரிய வண்டிச் சக்கரம் எதுக்குடி உனக்கு?"

அம்மா என்ன சொன்னா தெரியுமா? "கூட்டறதுக்கு அவன் என்ன லாண்டரிக் கணக்கா? எனக்குக் கண்ணால பாக்கணும்."

அன்னிலேந்து பாக்கறா, பாக்கறா, பாத்துக்கிட்டே இருக்கா. தட்டுல சாப்பாடு போடும்போது, "அவன் இப்ப சாப்பிட்டு முடிச்சிருப்பான்." டிவி சத்தம் வச்சா, "அவன் இப்ப தூங்கற நேரம்." ஏம்மா, இங்க டிவி ஓடினா அவனுக்கு எப்படிம்மா கேக்கும்?  அப்பா தலையில அடிச்சுப்பார். "உங்கம்மா ரெண்டு ஊர்ல குடித்தனம் நடத்தறா. இந்த ஊர்ல நாம ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கோம்."

அப்பாவுக்கு அது ஜோக்கு. எனக்கு இல்லை.

போன மாசம் எனக்கு ஜுரம் வந்துச்சுல்ல, நாலு நாள் வரலையே ஸ்கூலுக்கு. அம்மா பக்கத்துல வந்து உக்காந்து நெத்தியில கை வச்சா. எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா, கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பாத்தா, கை என் நெத்தியில இருக்கு, கண்ணு அந்தக் கையில கட்டியிருக்கற வாட்ச்ல இருக்கு. என் ஜுரத்தைத் தொட்டுக்கிட்டே அவன் மணி பாக்கறாடி. "ஐயோ, ஷிஃப்ட் முடிஞ்சிருக்குமே"ன்னு எழுந்து போயிட்டா.

இரு, இன்னும் இருக்கு. இது உனக்குத் தெரியாது, யாருக்கும் சொன்னதில்லை. அங்க இருக்கற அவனை தினம் எழுப்பி விடறது இங்க இருக்கற எங்கம்மா. சத்தியமா. அவன் எப்படித் தூங்குவான்னு உனக்குத் தெரியாது, மேல லாரி ஏறினாத்தான் திரும்பிப் படுப்பான். அவன் ரூம்ல ஆறு பேரு, பாதிப் பேருக்கு நைட் ஷிஃப்ட். அலாரம் அடிச்சா ஒருத்தன் போனைத் தூக்கி வெளிய எறிஞ்சுட்டானாம். அதனால போனை ஊமையாக்கி, அம்மா நம்பர் ஒண்ணு மட்டும் அதிர்ற மாதிரி வச்சு, தலையணைக்கு அடியில போட்டுப் படுப்பான். அவனுக்கு ஆறு மணின்னா நமக்கு ராத்திரி ரெண்டு. தினம் ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு தானா முழிப்பு வரும். இருட்டுல அந்த முள்ளு பச்சையா மினுங்கும். ஆறுல நிக்குதான்னு பாப்பா, கூப்பிடுவா. "கண்ணா, எழுந்திரு. எழுந்திருடா கண்ணா." குசுகுசுன்னுதான் பேசுவா, நாங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு. நான் முழிச்சுக்கிட்டுதான் கிடப்பேன். என்னை எழுப்பறப்ப என்ன சொல்லுவா? "ஏய், மணியாச்சு பாரு." காலால ஒரு தட்டு. அவ்ளோதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

நேத்துக் காலைல கிளம்பும்போது கேட்டா, "இன்னிக்கு உனக்குப் பரீட்சை காலைலயா, மத்தியானமா?" பரீட்சை முடிஞ்சு ரெண்டு நாள் ஆச்சும்மான்னேன். "ஓ, அப்படியா?"ன்னா. அப்படியான்னு கேட்டுட்டு அதே மூச்சுல, அண்ணனுக்கு வர்ற மாசம் எந்தெந்த நாள் ஆஃப்னு அப்பாகிட்ட ஒப்பிச்சா. மனப்பாடமா! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அவ குளிக்கப் போனா. வாட்ச்சைக் கழட்டறது அப்ப மட்டும்தான், ஃபிரிட்ஜ் மேல வச்சுட்டுப் போவா. எடுத்தேன். பக்கத்துல ஒரு திருகு இருக்கும், மூடி மாதிரி மரை போட்டு இறுக்கியிருக்கும். சுத்திக் கழட்டி, லேசா இழுத்து, திருப்பினா அண்ணன் முள்ளு மட்டும் டக்குனு ஒரு மணி தாண்டுது. மத்த முள்ளெல்லாம் அப்படியே இருக்கு. எனக்கு அதை ஒரு மணி பின்னால தள்ளணும். ஒரே ஒரு நாள் அவன் லேட்டாப் போகட்டும், திட்டு வாங்கட்டும், "அம்மா எழுப்பியும் லேட்டாயிடுச்சே"ன்னு ரெண்டு பேரும் முழிக்கட்டும். ஆனா அந்த முள்ளு பின்னால போகவே மாட்டேங்குது. முன்னாலதான் போகுது. அப்ப நான் என்ன பண்ணினேன் தெரியுமா? முழுசா ஒரு சுத்து சுத்தினேன்டி. டக், டக், டக்குன்னு வட்டம் பூரா சுத்தி வந்து, ஒண்ணு கம்மியா நிறுத்தினேன். அவ்ளோ நேரம் இருந்துச்சு எனக்கு, "சீ, வேணாம்"னு வைக்க. வைக்கலை. பாத்ரூம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் திருகை உள்ள அமுக்கிட்டு ஃபிரிட்ஜ் மேல வச்சேன். மரையை இறுக்கலை. அதை இறுக்கலைன்னா என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் ஸ்கூல் விட்டு அம்மா வேலை பாக்கற லாண்டரிக்குப் போனேன், சாவி வாங்க. அங்க ஒரு ஹோட்டல் படுக்கை விரிப்பெல்லாம் மலை மாதிரி வந்து குவிஞ்சிருந்துச்சு. அம்மா ஸ்டீம் பிரஸ் முன்னாடி நிக்கறா, காலால பெடலை மிதிச்சா மேல் பலகை இறங்கும், புஸ்ஸுன்னு ஆவி மூஞ்சில அடிக்கும். நாளெல்லாம் அந்த ஆவியிலதான் நிப்பா. ஆனா மெஷினைப் பாக்காம கையைப் பாத்துக்கிட்டு நின்னா. முந்தானையால துடைக்கறா, துடைக்கறா.

"இத பாருடி, உள்ள பனி பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு."

கண்ணாடிக்கு உள்பக்கம் மூட்டம். கறுப்பு முகமே தெரியலை, சிவப்பு மட்டும் மங்கலா. இறுக்காத திருகு வழியா ஆவி போயிருக்கு. 

மடிச்சு அடுக்கற அக்கா ஒருத்தங்க இருக்காங்கல்ல, அவங்க சிரிச்சாங்க. "பிளேன் மேகத்துக்குள்ள பூந்துடுச்சு போல."

அம்மா சிரிக்கலை. "இத்தனை மாசமா இதே ஆவியிலதானே நிக்கறேன்? ஒண்ணும் ஆகலையே. இன்னிக்கு மட்டும் ஏன்?" மறுபடியும் முந்தானையால துடைச்சா. "அவனுக்கு ஏதாவதுன்னா…"

"வாட்ச்ல தண்ணி போனா பையனுக்கு ஜலதோஷம் பிடிக்குமா?" அந்த அக்காதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கையைப் பிடிச்சுப் பாத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக், அவர் கண்ணுல எதுவும் தப்பாது. "திருகு லூசா இருக்கே. யாரு கழட்டினது?"ன்னார். நான் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தேன். குடிச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா வெடுக்குனு கையை இழுத்துக்கிட்டா. "யார் கழட்டுவா? நம்ம வீட்ல யாருக்கு அதைத் தொட மனசு வரும்?" சொல்லிட்டு அவளே இறுக்கினா. கழட்டிக் காய வைன்னு அப்பா சொன்னதுக்கும் ஒத்துக்கலை. உடம்புச் சூட்டுல தானா காஞ்சிருமாம்.

"யாருக்கு மனசு வரும்"னு கேட்டாளே, அதுக்கப்புறம் நான் எப்படிடி வாயைத் திறக்கறது?

இதோட போயிருந்தாலும் பரவாயில்லை. சாப்பிட்டதும் அண்ணன் அனுப்பின வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கர்ல போட்டா. நாளைக்கு அவனுக்கு டெஸ்ட்டாம். பிளேனைப் பின்னால தள்ற வண்டி இருக்காம், அதை ஓட்ட லைசென்ஸ். பாஸானா அந்த வேலை, நல்ல வேலை. டெஸ்டுக்குப் போகலைன்னா கான்ட்ராக்ட் புதுப்பிக்க மாட்டாங்களாம், ஊருக்கு அனுப்பிருவாங்களாம். ஆறரைக்கு வேன். "மறக்காம எழுப்பும்மா"ன்னு முடிச்சிருந்தான். குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு, ஆனா அம்மா அதைக் கவனிக்கலை. "என் பையன் பிளேன் ஓட்டப் போறான்"னா. "ஓட்டலைடி, தள்ளப் போறான்"னார் அப்பா. "தள்ளினாத்தானே அது ஓடும்?"

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நான் எழுந்து என் ரூமுக்கு வந்துட்டேன். அம்மா ஒரு மணி லேட்டா எழுப்பப் போறா, வேன் போயிருக்கும். எல்லாம் என்னால.

நானே எழுப்பிடலாம்னு முழிச்சுக் கிடந்தேன். மணி ரெண்டு நெருங்கினதும் என் போன்லேந்து அடிச்சேன், அடிச்சேன், அடிச்சுக்கிட்டே இருந்தேன். எடுக்கலை. அப்பதான் உறைச்சுது, அம்மா நம்பர் மட்டும்தானே அவனுக்கு அதிரும். என் நம்பர் அவன் ஊமையாக்கின லிஸ்ட்ல.

ஹால்ல எட்டிப் பாத்தேன். அம்மா சரியா முழிச்சா. கையை மூஞ்சிக்கிட்ட கொண்டு போனா. மூட்டத்துக்குள்ள பச்சையா ஏதோ மினுங்குது. கண்ணை இடுக்கிப் பாத்தா. "அஞ்சுதானா?"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, திரும்பிப் படுத்துட்டா. அத்தனை விரிப்பு தேய்ச்ச களைப்பு, உடனே குறட்டை.

எனக்கு வேற வழி தெரியலை. தலையணைக்கு அடியில கையை விட்டு அம்மா போனை உருவினேன். பாத்ரூமுக்குள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக் கூப்பிட்டேன். உடனே எடுத்துட்டான். அவ்ளோ சீக்கிரம் எடுப்பான்னு நினைக்கவே இல்லை.

"அம்மா"ன்னான்.

நான்தான்டான்னு சொல்லணும். சொல்ல வந்தேன். ஆனா அந்த மாதிரி ஒரு "அம்மா"வை நான் கேட்டதே இல்லைடி. சின்னப் பையன் மாதிரி. வாயிலேந்து "ம்" மட்டும்தான் வந்துச்சு.

"அம்மா, நான் தூங்கலை. ஒண்ணு சொல்றேன், திட்டாதே."

"ம்."

"நான் போகலைம்மா. இப்படியே படுத்துடறேன், தூங்கிட்டேன்னு சொல்லிடறேன். அவங்களே அனுப்பிருவாங்க. முடியலைம்மா எனக்கு இங்க. யார்கிட்டயும் சொல்லாதே. நீ வாடான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வந்துடறேன்."

எனக்கு அப்ப என்ன தெரிஞ்சுது தெரியுமா? பாவம்னு தோணணும்ல? தோணலை. நான் இப்ப படுத்திருக்கற இந்த ரூம் தெரிஞ்சுது. இது அவன் ரூம், அவன் போனப்புறம்தான் எனக்கு வந்துச்சு. அவன் உள்ள வர்றது தெரிஞ்சுது, அம்மா அவன் தலையைக் கோதறது தெரிஞ்சுது. தூரத்துல இருக்கும்போதே இப்படின்னா, பக்கத்துல வந்துட்டா என்னை யார் பாப்பா?

குசுகுசுன்னு சொன்னேன். அம்மா மாதிரியே. "எழுந்திருடா கண்ணா. போ."

 அப்புறம் "சரிம்மா"ன்னான். வச்சுட்டான்.

போனைத் திரும்பத் தலையணைக்கு அடியில வச்சுட்டு வந்து உன்னைக் கூப்பிட்டேன். நான் அவனை எழுப்பி விடத்தான் போனேன், சத்தியமா. இப்ப அவன் என்ன நினைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்? அம்மாகிட்ட வரட்டான்னு கேட்டேன், அம்மா வேணாம்னுட்டான்னு. அவன் எதுனா பண்ணிக்கிட்டான்னா? அந்த "சரிம்மா" இருக்கே, அதுல உயிரே இல்லைடி. என் காதுலயே நிக்குது.

என்னது? அம்மாவை எழுப்பிச் சொல்லிடுன்னு நீயும் சொல்றே. தெரியும். சொன்னா அவன் வந்துருவான். சொல்லலைன்னா… இல்லை. லைன்லயே இரு. வச்சிடாதே, நான் போய்ட்டு வந்துடறேன்.

…

இருக்கியா?

சொல்லிட்டேன்.

தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறக்காமலே கேட்டா, "யாரு, அவனா?" அங்க இருக்கறவன் எப்படிம்மா இங்க வந்து தோளைத் தொடுவான்? "நான்தாம்மா. ஆனா அவன் விஷயம்தான்"னேன். எழுந்து உக்காந்தா. முள்ளைத் திருப்பினதுலேந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். அடி விழும்னு நினைச்சேன். வாட்ச்சைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

"வரட்டான்னு கேட்டானா?"

"ஆமாம்மா."

"நீ போன்னியா?"

"ம்."

"என்னை மாதிரியா?"

தலையை ஆட்டினேன். என் மூஞ்சியையே பாத்தா. ரொம்ப நேரம் பாத்தாடி, இந்த வருஷத்துல மொத்தமா அவ்ளோ நேரம் என்னைப் பாத்திருக்க மாட்டா. அந்தப் பார்வை எனக்கு வேணாம்னு இருந்துச்சு. அப்புறம் போனை எடுத்து அவனைக் கூப்பிட்டா. அவன் கீழ தெருவுல நிக்கறானாம், வேன் தெருமுனையில திரும்பிக்கிட்டிருக்காம்.

"ஏறாதே"ன்னா அம்மா. "கண்ணா, முன்னாடி பேசினது நான் இல்லை. உன் தங்கச்சி. நீ ஏறாதே. வந்துடு."

ஒரு செகண்ட் யோசிக்கலைடி. பிளேன் ஓட்டப் போறான்னு அவ்ளோ சொன்னாளே, லைசென்ஸ், வேலை, எல்லாம் போகட்டும்னு ஒரே வார்த்தையில விட்டுட்டா. குசுகுசுன்னுகூட இல்லை, முழுக் குரல்ல. அப்பாவே எழுந்து உக்காந்துட்டார், "என்ன, யாருக்கு என்ன?"ன்னு. வேன் அவன் முன்னாடி நின்னுச்சாம், போயிடுச்சாம். அவன் ஏறலை. இப்ப அழறான். அம்மாவும் அழறா. உனக்குக் கேக்குதா? கதவு சாத்தியிருக்கு, அப்பவும் கேக்குது.

பயம் போயிடுச்சு, அது நிஜம். மூச்சு விட முடியுது. ஆனா பொய் சொல்ல மாட்டேன், உள்ள இன்னும் எரியுது. எனக்காக எதையாவது அப்படித் தூக்கிப் போடுவாளா? நீ போடுவான்னு சொல்லுவே. உனக்கு அண்ணன் இல்லை, உனக்குத் தெரியாது.

இரு, கூப்பிடறா.

"இங்க வாடி. உன்கிட்டப் பேசணுமாம் அவன்."

கேட்டியா? என்னை. என்ன பேசுவான்? கிழிப்பான், வேறென்ன. கிழிக்கட்டும், வாங்கிக்கறேன். ஆனா எனக்கும் அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கூடவே பொறந்து, கூடவே சண்டை போட்டு வளந்தவன், ரெண்டு தடவை "ம்"னேனே, அது என் குரல்னு அவனுக்குத் தெரியவே இல்லையா?